‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’

குணமாக்கும் சிகிச்சை பெங்களூரில் முடிகிறது. அதற்குப் பிறகான நாட்கள் ஓசூரில் எப்படிக் கழிகின்றன?

பெங்களூரில் ‘ஓசூர் ரோடு’ என்றே பெயர் பெற்ற சாலையில், டெய்ரி சர்க்கிளைத் தாண்டியதும் கித்வாய் நினைவுப் புற்றுநோய் மையம் வருகிறது. 1973-ல் தொடங்கப்பட்டது. அதை ஒட்டியே மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிமான்ஸ். அதே சாலையில் தெற்கே திரும்பி வந்தால் பொம்மசந்திராவில் நாராயணா ஹெல்த் சிட்டி. பிறகு சந்தாபுரா, அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகம் முடிந்து ஜூஜூவாடியில் தமிழ்நாடு தொடங்குகிறது. அடுத்தது ஓசூர்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், அதாவது ஓசூர், தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டாரங்களில், பெரிய நோய் என்றால் பெரும்பாலும் இந்தச் சாலைதான். கிழக்கே பர்கூர், ஊத்தங்கரைப் பக்கத்தவர்கள் வேலூர் சி.எம்.சி.க்கும் சேலத்துக்கும் போவார்கள். போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் ஓசூர்க்காரர்களுக்குக் கால் பழகிய வழி பெங்களூர்தான். சிப்காட் ஆலையில் ஷிப்ட் முடித்துவிட்டு, அடுத்த நாள் விடியற்காலையில் அப்பாவையோ மனைவியையோ பஸ்ஸில் ஏற்றி, சில்க் போர்டு நெரிசலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று கணக்குப் போடும் குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம்.

ஸ்கேன், பயாப்ஸி, கீமோ, கதிர்வீச்சு என்று மாதக்கணக்கில் போய்வந்த பிறகு ஒரு நாள் மருத்துவர் அந்த வாக்கியத்தைச் சொல்கிறார்: “இதுக்கு மேல ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.” பொய்யில்லை, அவர் அளவில் அது நேர்மையான பேச்சுதான். ஆனால் வீட்டுக்குக் கூட்டிப்போய் என்ன செய்வது என்பது அதில் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது, சாப்பாடு இறங்காவிட்டால் என்ன கொடுப்பது, புண் நாற்றமெடுத்தால் எப்படிக் கழுவுவது, பிள்ளைகளிடம் என்ன சொல்வது, எதுவும் இல்லை. தடிமனான ஃபைல் ஒன்று மட்டும் கூட வருகிறது. அத்திப்பள்ளி தாண்டியதும் அந்த ஃபைலை எங்கே நீட்டுவது என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

‘ஒண்ணும் பண்றதுக்கில்ல’ என்பதை முதலில் மறுத்தவர்களில் முக்கியமானவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியாக இருந்து, பிறகு மருத்துவம் படித்து, 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது இறக்கப்போகிறவர்களைக் கவனிக்கும் இல்லத்தை, தொடங்கியவர். இறக்கப்போகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை. பயம், கடன், பிள்ளைகளைப் பற்றிய கவலை, கடவுள் மீதான கோபம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வலி, எல்லாவற்றுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார் அவர். இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ் 1986-ல் மும்பையில் வந்த சாந்தி அவேத்னா. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம் கேரளத்தையே மாற்றியது. இப்படிப்பட்ட கவனிப்பைத்தான் மருத்துவர்கள் ‘பேலியேட்டிவ் கேர்’ என்கிறார்கள்; தமிழக அரசு ‘நோய் ஆதரவு சிகிச்சை’ என்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு, அது இந்த மாவட்டத்துக்காரர்களுக்கே அவ்வளவாக நினைவில் இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைத்தது இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வரும் திட்டம் என்றுதான் ஊரில் அதற்குப் பெயர். 2022 முடிவதற்குள் ஒரு கோடிப் பேரை எட்டிவிட்டதாக அரசு அறிவித்ததும், 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் தொற்றா நோய்களுக்கான விருது கிடைத்ததும் பெரும்பாலும் அந்த மாத்திரைகளைக் கொண்டுதான். ஆனால் திட்டத்தின் தொடக்க அறிவிப்பிலேயே வேறு இரண்டும் இருந்தன. ஒன்று, வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை. இன்னொன்று, வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், பிசியோதெரபிஸ்ட் ஒருவர், அவர்கள் போய்வர வண்டி என்பது ஏற்பாடு.

அந்தச் செவிலியர் படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்கு வந்து புண்ணைக் கழுவிக் கட்டுவார், சிறுநீர்க் குழாயை மாற்றுவார், படுக்கைப்புண் வந்திருக்கிறதா என்று முதுகைத் திருப்பிப் பார்ப்பார், எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பார். வழி சிக்கலானது இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லலாம். கிராம செவிலியரிடம் சொல்லலாம். மாத்திரை கொண்டுவரும் மகளிர் தன்னார்வலரிடம், “எங்க வீட்ல படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்காங்க, பேலியேட்டிவ் சிஸ்டர் வரணும்” என்று சொன்னாலும் போய்ச் சேரும். கேட்காத வீட்டுக்கு மட்டும் யாரும் வருவதில்லை. பெங்களூரில் சிகிச்சை பார்த்தவரின் பெயர் தமிழகப் பதிவேட்டில் எப்படி இருக்கும்? கர்நாடக மருத்துவமனை எழுதிக்கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி தானாக நடந்து சூளகிரி சுகாதார நிலையத்துக்கு வந்துவிடாது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டியது குடும்பத்தின் பொறுப்பாகிறது, அதுவும் அவர்கள் மிகவும் களைத்துப் போயிருக்கும் வாரத்தில்.

திட்டத்துக்கும் எல்லைகள் உண்டு. ஒரு வட்டாரத்துக்கு ஒரு செவிலியர் என்றால், அஞ்செட்டி மலைப்பக்கத்துக் குக்கிராமம் ஒன்றுக்கு அவர் எத்தனை நாளைக்கு ஒருமுறை போக முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் பகலில் வருகிறார். வலி ராத்திரியில்தான் அதிகமாக வருகிறது. ஆகவே அவர் இல்லாத நேரத்துக்கும் சேர்த்து வீட்டில் ஒரு பொருள் இருக்க வேண்டும். அது மார்ஃபின்.

மார்ஃபினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இந்தியாவில் புற்றுநோயாளிகள் துடித்துச் செத்ததற்கு நோயைவிடச் சட்டம் அதிகக் காரணமாக இருந்த காலம் உண்டு. மருந்துக்கான அபினை அரசு உரிமத்தோடு பயிரிடும் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அது விளைகிறது. அதிலிருந்து எடுக்கும் மார்ஃபின் வெளிநாட்டு நோயாளிகளின் வலியைப் போக்கியது. உள்ளூரில் 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கி வைக்க வேண்டுமென்றால் வேறுவேறு துறைகளிடமிருந்து நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்று கிடைப்பதற்குள் இன்னொன்று காலாவதியாகும். பதிவேட்டில் தப்பு வந்தால் சிறைக்குப் போக வேண்டியிருக்குமோ என்ற பயம் வேறு. மருந்துக் கடைகள் கைகழுவின, மருத்துவமனைகள் ஒதுங்கின. 1997-ல் இத்தனை பெரிய நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 18 கிலோவுக்கு இறங்கியது. ஒரு தலைமுறை மருத்துவ மாணவர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்கினார்கள்.

ராஜகோபால் போன்றவர்கள் கிட்டத்தட்ட இருபது வருடம் டெல்லிக்கு நடையாய் நடந்த பிறகு 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டானில், மெத்தடோன் உள்ளிட்ட 6 மருந்துகள் ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ ஆயின. பல உரிமங்களுக்குப் பதில் ஒரே அனுமதி. ‘அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்’ என்ற தகுதியை மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி கொடுத்தால் போதும். சட்டம் மாறியது, பழக்கம் மாறவில்லை. 2017-ல் வெளிவந்த லான்செட் ஆணையத்தின் அறிக்கை, வலிக்கான இவ்வகை மருந்தில் இந்தியாவுக்குத் தேவைப்படுவதில் 4 சதவீதம்தான் கிடைக்கிறது என்று கணக்கிட்டது.

வீட்டுக்குள்ளும் ஒரு தடை உண்டு. ‘மார்ஃபினா? அது கடைசியில குடுக்கிற மருந்தாச்சே’ என்று மருமகன் சொல்வார். ‘அடிமை ஆயிடுவாங்களாமே’ என்று பக்கத்து வீட்டம்மா சொல்வார். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது மிக அரிது. சரியான அளவில் கொடுத்தால் அது சாவை விரட்டிக் கொண்டுவருவதும் இல்லை. வலி அடங்கியவர் நாலு வாய் சாப்பிட்டு, பேரனோடு டிவி பார்த்து, ராத்திரி தூங்குவார். மாத்திரையின் விலை சில ரூபாய்தான். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் சுமார் 4 மணி நேரம். ஆகவே வலி வந்தபிறகு கொடுக்காமல், வருவதற்கு முன்பே கடிகாரம் பார்த்துக் கொடுப்பதுதான் முறை. மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கு இளக்கியும் சேர்த்தே எழுதப்பட வேண்டும். முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கும், பிறகு குறையும். இவ்வளவையும் சொல்ல ஒரு மருத்துவருக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் புறநோயாளி வரிசையில் எப்போதும் கிடைப்பதில்லை என்பதால், ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்ற வார்த்தையைக் கேட்ட உடனே குடும்பம் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: “இங்க பேலியேட்டிவ் பிரிவு எங்க இருக்கு? அவங்களைப் பார்த்துட்டுப் போறோம்.”

வீட்டில் முடியாது என்ற நிலையும் வரும். ஓசூரிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கும் பெயர் பெற்ற ஹாஸ்பிஸ், பெங்களூர் மாரத்தஹள்ளியை அடுத்த கருணாஷ்ரயா. இந்தியப் புற்றுநோய்க் கழகத்தின் கர்நாடகக் கிளையும் இந்திராநகர் ரோட்டரி சங்கமும் சேர்ந்து 1994-ல் பெங்களூர் ஹாஸ்பிஸ் டிரஸ்டை உருவாக்கின. கிஷோர் ராவ் அதை நடத்தினார். முதலில் வீடு வீடாகப் போய்க் கவனித்தார்கள். 1999-ல் கட்டடம் வந்தது. குணமாக்க வழியில்லாத கட்டத்தில் இருக்கும் புற்றுநோயாளிகளுக்கானது. காசு வாங்குவதில்லை. கித்வாயிலிருந்து அனுப்பப்படுகிறவர்கள் பலர்.

கட்டடக் கலைஞர் சஞ்சய் மோஹே அதை வரைந்தபோது ஆஸ்பத்திரியின் நீண்ட வராண்டாக்களைத் தவிர்த்தார். நடுவில் தண்ணீர், சுற்றிலும் கல் சுவர், தாழ்ந்த ஓட்டுக் கூரை. படுக்கையில் இருப்பவர் தலையைத் திருப்பினால் செடியும் தண்ணீரும் தெரியும்படி வார்டுகள். இதையெல்லாம் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள், சீலிங் ஃபேனையும் பச்சைப் பெயின்ட் அடித்த சுவரையும் மட்டுமே பார்த்தபடி ஒரு மாதம் படுத்துப் பார்க்க வேண்டும். அங்கே போகிற எல்லோரும் அங்கேயே இறப்பதும் இல்லை. வலியைக் கட்டுக்குள் கொண்டுவந்து, புண்ணை ஆற்றி, வீட்டாருக்குப் பழக்கிக்கொடுத்துத் திருப்பி அனுப்புவதும் ஹாஸ்பிஸின் வேலைதான். அங்கே சேர்ப்பது ‘கொண்டுபோய்த் தள்ளுவது’ என்ற பேச்சு உறவுகளிடம் இன்னும் இருக்கிறது. ராத்திரி பகலாக விழித்துக் கிடந்த மருமகளின் முகத்துக்கு நேரே அந்தப் பேச்சைப் பேசுபவர்கள், பெரும்பாலும் ஒரு ராத்திரிகூடத் தங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இருந்தாலும் பெரும்பாலானவர்கள் கேட்பது வீட்டைத்தான். ஓசூரில் அந்த வீடு எப்படிப்பட்டது என்பதுதான் இங்கே கேள்வி. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று 1970களிலிருந்தும் 80களிலிருந்தும் வளர்ந்த ஊர் இது. தர்மபுரி, சேலம், வேலூரிலிருந்து வந்தவர்கள், இப்போது ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் இடம் கொடுத்தது லைன் வீடுகள்தான். ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, நாலைந்து குடித்தனத்துக்குப் பொதுவாக ஒரு குளியலறை. அங்கே ஒரு கட்டிலைப் போட்டால் மற்றவர்கள் படுக்க இடமில்லை. வாடகை வீட்டில் சாவு நடப்பதை விரும்பாத வீட்டுக்காரர்களும் உண்டு. ‘சொந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்களேன்’ என்று நயமாகச் சொல்வார்கள். அப்படிக் கடைசி வாரத்தில் எலும்பில் புற்று பரவியவரைக் காரில் படுக்கவைத்து நூறு கிலோமீட்டர் கொண்டுபோவது என்ன வேதனை என்பது பின்சீட்டில் மடியில் தலையைத் தாங்கி வந்தவர்களுக்குத் தெரியும். ஊருக்குத்தான் போக வேண்டுமென்றால் முன்கூட்டியே, உட்கார்ந்து பயணம் செய்ய முடிகிற நிலையிலேயே போவது நல்லது. அந்த ஊர் வட்டாரத்துச் செவிலியரிடம் பதிவு செய்யவும் அப்போது அவகாசம் இருக்கும்.

கவனித்துக்கொள்வதில் பெரிய வித்தைகள் இல்லை, ஆனால் யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். புரண்டு படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண்ணைப் பெருமளவு தடுக்கலாம். வாட்டர் பெட் வாங்கிப் போட்டுவிட்டால் மாற்ற வேண்டியதில்லை என்பது தவறான நம்பிக்கை. வாய்ப்புற்று, மார்புப் புற்றுப் புண்களின் நாற்றம்தான் பல வீடுகளில் நோயாளியை மூலைக்குத் தள்ளுகிறது. வயிற்றுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி அந்த நாற்றத்தை அடக்கும் முறையை இந்தியப் பேலியேட்டிவ் செவிலியர்கள் வெகுநாளாகக் கையாள்கிறார்கள். நாற்றம் அடங்கிய அன்றுதான் பேரக்குழந்தைகள் மறுபடி கட்டிலருகே வருவார்கள்.

சாப்பாடுதான் அதிகச் சண்டைக்கு இடம். உடம்பு மூடிக்கொண்டே வரும்போது பசி போய்விடுகிறது. பசி போனதால் சாகவில்லை, சாவு நெருங்குவதால் பசி போகிறது. இதை வீடு ஏற்றுக்கொள்வது கடினம். “நாலு வாய் ராகிக் கஞ்சி குடிச்சாதான் தெம்பு வரும்” என்று ஊட்டுகிற கை அன்பினால் நீள்கிறது. விழுங்க முடியாத தொண்டையில் அந்தக் கஞ்சி புரையேறுகிறது. அடுத்தது குளுக்கோஸ். பக்கத்துக் கிளினிக்கிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து ஒரு பாட்டில் ஏற்றினால்தான் ஏதோ செய்ததாகத் திருப்தி. கடைசி நாட்களில் உடம்பால் அந்த நீரைக் கையாள முடியாமல் கால் வீங்கி, நெஞ்சில் சளி கூடி, மூச்சுத்திணறல் அதிகமாகலாம். உதட்டையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்து ஈரமாக வைத்திருப்பது அந்த பாட்டிலைவிட அதிக ஆறுதல் தரும். கடைசி மணி நேரங்களில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். வீட்டாரைக் கலங்கடிக்கும் சத்தம் அது. துப்பவோ விழுங்கவோ முடியாமல் தங்கிய எச்சில்தான் அது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். நோயாளி அதை உணர்வதில்லை என்பதே மருத்துவர்களின் பொதுவான கருத்து.

உயிர் இழுத்துக்கொண்டே இருந்தால் ‘ஏதோ ஆசை இருக்கு’ என்று சொல்வது நம் வழக்கம். உறவுகள் வரிசையாக வந்து பால் ஊற்றுவார்கள். நிலத்தின் மேல் பிரியமாக இருந்தவருக்கு மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள், காசை உரசி ஊற்றுவார்கள். இதைக் கேலி செய்யும் நகரத்து மருத்துவர்கள் குடும்பத்தை இழந்துவிடுகிறார்கள். விடைகொடுக்க ஒவ்வொருவருக்கும் ஒரு முறை கிடைக்கிறது அந்தச் சடங்கில். எட்டு வருடமாகப் பேசாத தம்பிகூட அன்றைக்கு வந்து நிற்கிறான். பாலைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தாலும் சடங்கு நிறைவேறிவிடும், புரையும் ஏறாது.

இன்னொரு விஷயம், யாரிடம் என்ன சொல்வது என்பது. ‘அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க’ என்று கேட்காத தமிழ்க் குடும்பம் அபூர்வம். அம்மாவுக்குத் தெரியும் என்பதுதான் பெரும்பாலும் உண்மை. அவர் பிள்ளைகளுக்காகத் தெரியாததுபோல் நடிக்கிறார், பிள்ளைகள் அவருக்காக நடிக்கிறார்கள். நகையை யாருக்குக் கொடுப்பது, கடைசிப் பெண்ணின் கல்யாணம், பேங்க் பாஸ்புக் எங்கே, எல்லாம் பேசப்படாமல் போகிறது. ஆனால் உண்மையைத் தூக்கிப் போடுவதும் ஆபத்து. ராஜகோபால் தன் தொடக்க கால அனுபவம் ஒன்றைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். புற்றுநோய் வலியோடு வந்த கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு நரம்பில் ஊசி போட்டு வலியை முழுக்கப் போக்கினார். மறுபடி எப்போது வரணும் என்று அவர் கேட்டதற்கு, வலிதான் போய்விட்டதே, வரவேண்டியதில்லை என்றார். தன் நோய் குணமாகாது என்பது அந்த ஆசிரியருக்கு அந்தப் பதிலில்தான் புரிந்தது. வீட்டுக்குப் போன அன்றே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்பின் வலியை மட்டும் பார்த்து மனிதரைப் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்பார் ராஜகோபால். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே கேட்டு, அவர் கேட்கும் அளவுக்கு, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது, துணைக்கு வருவோம் என்ற உறுதியோடு சேர்த்துச் சொல்வதுதான் இந்தத் துறையினர் கற்றுக்கொண்ட முறை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்கும் இந்த எல்லையில், நோயாளி வீட்டில் பேசுகிற மொழியிலேயே அது நடக்க வேண்டும்.

பணம் இருக்கும் வீடுகளுக்கு வேறு சிக்கல். கடைசி நேரப் பதற்றத்தில் பொம்மசந்திராவுக்கோ ஓசூர்த் தனியார் மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு ஓடி, வென்டிலேட்டர் போட்டு, பிறகு எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நிற்பது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ‘காமன் காஸ்’ வழக்கில், குணமாக வழியில்லாத நிலையில் உயிரைச் செயற்கையாக இழுத்துப்பிடிக்க வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பதை ஏற்றது. முதலில் விதித்த நடைமுறை யாராலும் பின்பற்ற முடியாதபடி இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதை மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்த உத்தரவு போட்டது. பெங்களூரில் சிகிச்சை பெறும் ஓசூர்க்காரர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி, ஆனால் இந்தப் பக்கம் அது பேசப்படவே இல்லை.

வீட்டிலேயே இறந்துவிட்டால் காகித வேலை பயமுறுத்துகிறது என்பதும் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட ஒரு காரணம். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். பெங்களூரில் நடந்தால் பெங்களூரில், ஓசூரில் நடந்தால் மாநகராட்சியில், கிராமத்தில் நடந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம். 21 நாளுக்குள் சொல்லிவிட்டால் கட்டணம் இல்லை. இறப்பின் காரணத்தை எழுதிக்கொடுக்க ஒரு மருத்துவர் வேண்டும். செவிலியரும் சுகாதார நிலைய மருத்துவரும் முன்பே பார்த்துவந்த வீடென்றால் அதில் இழுபறி இராது.

இவ்வளவையும் செய்யும் ஆள் யார்? மனைவி, மகள், மருமகள். இந்த ஊரில் அவர்களும் ஆலைக்குப் போகிறவர்கள். ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்கே புற்று வந்தால் சட்டம் ஓரளவு தாராளமானது. 91 நாள் சாதாரண நோய் உதவித்தொகைக்குப் பிறகு, பட்டியலிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, தகுதி இருந்தால் கூலியில் 80 சதவீதம் 2 வருடம்வரை கிடைக்கும். அவருடைய பெற்றோருக்கு வந்தால் வைத்தியம் உண்டு, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒரு நாள்கூட இல்லை. 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்று சேர்ந்த சம்பள விடுப்பு கீமோவுக்குப் போய்வருவதிலேயே தீர்ந்திருக்கும். காண்ட்ராக்டில் இருப்பவருக்கு அதுவும் சந்தேகம். போகாத நாள் சம்பளமில்லாத நாள், தொடர்ந்து போகாவிட்டால் வேலையும் இல்லை. அதனால்தான் பல வீடுகளில் ‘பி ஷிப்ட்’ போகிற மகனும் ‘ஏ ஷிப்ட்’ போகிற மருமகளும் படுக்கையில் இருப்பவரை முறைவைத்துக் கைமாற்றுகிறார்கள். இரண்டு ஷிப்டுக்கும் இடையில் கம்பெனி பஸ் தாமதமானால் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்துக் குடித்தனத்துப் பாட்டிதான் காவல்.

கேரளம் இதற்கு அக்கம்பக்கத்தையே பதிலாகக் கொண்டுவந்தது. மலப்புறத்தில் ஆயிரக்கணக்கான உள்ளூர்த் தொண்டர்கள் பயிற்சி எடுத்து, வாரத்தில் சில மணி நேரம் நோயாளி வீடுகளுக்குப் போய் உட்கார்ந்தார்கள், அரிசி கொடுத்தார்கள், பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்த்தார்கள். 2008-ல் அந்த மாநிலம் இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது; இந்தியாவில் அதுதான் முதல். சொந்தபந்தம் சுற்றி இருக்கும் மலப்புறத்து முறையைப் பாதிப்பேர் வெளியூர்க்காரர்களான ஓசூரில் அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே அக்கம்பக்கம் என்றால் ஆலைதான். ஒரே பஸ்ஸில் போய், ஒரே கேன்டீனில் சாப்பிட்டு, ஒரே லைனில் நிற்கிறவர்கள்தான் சாவுக்கும் முதலில் வருகிறார்கள்; மாலை வாங்குவதும் வண்டி பேசுவதும் அவர்கள்தான். மரம் நடுவதற்கும் பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடிப்பதற்கும் செலவழிக்கும் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பங்கை ஒரு செவிலியருக்கும் ஒரு ஜீப்புக்கும் கொடுக்க இந்த ஆலைகளுக்குச் சட்டத்தடை எதுவும் இல்லை.

விடுப்பு விஷயத்திலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் கனடாவில், சாகும் நிலையில் உள்ள உறவினரைக் கவனிக்க 26 வாரம்வரை வேலைக் காப்பீட்டிலிருந்து சம்பளத்தின் 55 சதவீதம் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கிறது. ஜப்பானில் ஒரு உறவினருக்கு 93 நாள். இந்தியச் சட்டத்துக்கும் 26 வாரம் என்ற கணக்கு தெரியாததில்லை: 2017 முதல் பிரசவ விடுப்பு அதுதான். குழந்தைக்காக ஆலையில் தொட்டில் அறை வைக்க வேண்டும் என்று 1948-லேயே எழுதிவிட்டார்கள். படுக்கையில் கிடக்கும் தாய்க்காக ஓசூர் ஆலைத் தொழிலாளி இன்றைக்கும் மேஸ்திரியிடம் கேட்டு வாங்குவது, உடம்பு சரியில்லை என்று தன் பேரில் எழுதிக்கொடுக்கும் இரண்டு நாள் லீவுதான்.